அறிக்கையில் சேராதவை

கொள்ளுப்பிட்டி விடுதியின் பதினோராம் மாடியில்
நீச்சல் குளத்துக்கு மேலே
பொய்க்கூரையைத் தாங்கிய கோல்களில் ஒன்று
செவ்வாய் விடியற்காலை முறிந்தது.
குளத்தில் யாருமில்லை.
மிதந்த பலகையைப் பார்த்து
யாரோ மல்லாந்து நீந்துகிறார்கள் என்று
காவலாளி நினைத்தாராம்.

பொறியியலாளர் இந்துனில்
பழைய பத்திரிகையில் சுற்றிக் கொண்டுவந்தார்.
விரல் தடிப்பு, ஒரு முழம் நீளம்.
"துருப்பிடிக்காது என்றுதானே வாங்கினோம், மிஸ்?"
சிட்டையையும் நீட்டினார்,
அது சாட்சி சொல்லும் என்பதுபோல.

துருப்பிடிக்காது என்பது ஒரு பெயர்.
நூற்றுக்குப் பதினெட்டுக் குரோமியம்
காற்றைத் தொட்ட கணமே
தன்மேல் ஒரு தோலை நெய்துகொள்ளும்;
கீறினால் மறுபடி நெய்யும்.
கண்ணுக்குத் தெரியாத அந்தத் தோலைத்தான்
காசு கொடுத்து வாங்குகிறோம்.

குளத்து ஏணி எப்படி, கேட்டேன்.
புதிதுபோல் இருக்கிறது என்றார்.
நாள் முழுக்க நீரில் நின்று
ஈரக் கால்களிடம் மிதிபட்டு
மாலையில் துடைக்கப்படுவது
புதிதுபோல் இருக்கிறது.
ஒருநாளும் நனையாதது முறிந்திருக்கிறது.
குளோரின் ஆவியாய் மேலே போய்
இருட்டில் உட்கார்ந்து
பனித்துக் காய்ந்து, மறுபடி பனித்துக் காய்ந்து
ஒன்பது வருடம்.
அங்கே துணியோடு ஏற
யாருக்கும் சம்பளமில்லை.

வெட்டி, மெருகிட்டு, அமிலத்தில் தோய்த்து
நுண்காட்டியில் வைத்தேன்.
மணி மணியாய் உருக்கின் உள்ளூர்.
ஊடாக ஒரு வெடிப்பு,
கிளை, கிளையின் கிளை,
துறைமுகத்துக்கு மேலே
இடியில்லாமல் நின்றுபோன மின்னல்.

பாரம் மட்டும் என்றால் தாங்கியிருக்கும்.
உப்பு மட்டும் என்றால் புள்ளி புள்ளியாய் அரித்து
முன்கூட்டியே முகம் காட்டியிருக்கும்.
இரண்டும், மேலே தேங்கிய புழுக்கமும்
ஒரே கோலில் கூடிவிட்டன.
இழுபட்டால் மெலிந்து நீண்டு உடைவதே
இந்த உருக்கின் சுபாவம்.
இது கண்ணாடிபோல.

மேல்முனையில் வெல்டிங் நீலம் பாரித்திருந்தது.
செய்தவர் பஞ்சிகாவத்தை றிஸ்மி.
"வடிவான நீலம், மிஸ். துடைக்க மனம் வரேல்ல."
வைக்கோல், பொன், ஊதா, நீலம்:
சூடு நடந்துபோன தடம்.
அந்தச் சூட்டில் காபன், குரோமியத்தைக் கூட்டிக்கொண்டு
மணிகளின் எல்லையில் குடியேறிவிடும்;
பக்கத்தில் தோல் நெய்ய ஆளிராது.
ஆனால் முறிந்தது அங்கே அல்ல.
றிஸ்மியின் பெயரை எழுதவில்லை.
இந்துனிலுக்கு அது பிடிக்கவில்லை,
அவருக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது.

உரிமையாளர் கேட்டதால்
மீதி அறுபத்திமூன்றையும் இரவில்
காமாக் கதிரில் படமெடுத்தோம்.
மயிர்வெடிப்பு அதில் பிடிபடாது, சொல்லியும் பார்த்தேன்.
கதிர் உருக்கினூடே போய்ப் படலத்தில் விழுந்தது.
உருக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆகவேண்டுமென்றால் அணுவுலை வேண்டும்.
அது இந்தத் தீவில் இல்லை.
மொறட்டுவையில் விரிவுரை ஆங்கிலத்தில்,
என் கொப்பி தமிழில்:
நியூத்திரன் மோத, அணு தன் இடத்தைவிட்டு எறியப்படும்.
சேதத்தின் அளவு,
அணு ஒன்றுக்கு இத்தனை இடப்பெயர்வு.
எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன்.

பத்து, இருபது, ஐம்பது.
அநேகமானவை ஏதோ ஒரு காலியிடத்தில் அமர்ந்துவிடும்,
தன்னுடையதில் அல்ல.
நிரம்பாத இடங்கள் ஒன்றையொன்று தேடிச் சேர
உருக்கு ஊதும், இறுகும்,
வளைய மறக்கும்.

அம்மாவின் படிவத்தில் எண் ஏழு,
வெள்ளவத்தை வாடகை அறைகளைச் சேர்க்காமல்.

பரிந்துரை ஒன்று:
கோல்கள் அனைத்தையும் மாற்றுக.
இரண்டு: மாற்றும்வரை
கிழமைக்கொருமுறை நல்ல தண்ணீரில் கழுவுக.

இந்துனில் இரண்டாவதை மட்டும்
பென்சிலால் வட்டமிட்டார்.